பழைய டெலிஃபோட்டோ லென்ஸைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படச்சுருள் காலத்து சூப்பர் டாக்குமார் 200 மி.மீ. எஃப்/4 போன்ற ஒரு டெலிஃபோட்டோ (தொலைவிலுள்ளதைப் பெரிதாகக் காட்டும்) லென்ஸை அடாப்டர் வழியாக சோனி மிரர்லெஸ் கேமராவில் மாட்டி, நாலைந்து படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கூர்மை போதாது என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். லென்ஸிலும் குறை இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் குறை சோதித்த முறையில்தான் இருந்திருக்கிறது.

முதலில் அபர்ச்சர், அதாவது ஒளி புகும் திறப்பு. இந்த லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சிறு பித்தான் உண்டு. ஆட்டோவில் இருக்கும்போது பின்புறத்து ஊசியை அழுத்தினால்தான் இதழ்கள் மூடும்; ஊசியை அழுத்தாத அடாப்டரில் வளையத்தை எஃப்/8 என்ற சிறிய திறப்புக்குத் திருப்பினாலும் லென்ஸ் முழுத் திறப்பிலேயே நிற்கும். சோதிப்பவரோ எஃப்/8இலும் முன்னேற்றம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) மாற்றாமல் வைத்துக்கொண்டால் ஷட்டர் வேகமே உண்மையைச் சொல்லிவிடும்: எஃப்/4இல் 1/1000 நொடி என்றால், எஃப்/8இல் 1/250 நொடிக்கு இறங்க வேண்டும்.

மிகுதியான தவறுகள் நடப்பது ஃபோகஸில். இது போன்ற எம்42 (திருகிப் பொருத்தும் வகை) லென்ஸின் பொருத்துமுகத்துக்கும் சென்சாருக்கும் இடையே 45.46 மி.மீ. தூரம் வேண்டும், சோனி கேமராவின் லென்ஸ் பொருத்தும் வாயான இ மவுன்ட்டில் 18 மி.மீ. இருப்பதால், மீதி 27.46 மி.மீ. அடாப்டரின் பங்கு. தொலைதூரக் காட்சி எட்டாமல் போய்விடக்கூடாதென்று பல அடாப்டர்களைச் சற்றுக் குட்டையாகவே செய்கிறார்கள். ஆகவே ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் (∞) முட்டவைத்துவிட்டுத் தொலைவிலுள்ள கோபுரத்தைப் படமெடுத்தால், ஃபோகஸ் அதைத் தாண்டிப் போயிருக்கும். திரையில் காட்சியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஃபோகஸ் செய்து, ஐந்தாறு படங்களில் சிறந்ததை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

அடுத்தது அசைவு. பழைய லென்ஸ் தன் குவியத் தூரத்தைக் கேமராவுக்குச் சொல்லாது. முன்பு பதிந்த 50 மி.மீ. அப்படியே இருந்தால் கேமராவின் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) போதுமான அளவு ஈடுகொடுக்காது. மெனுவில் 200 என்றே பதிய வேண்டும். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் என்பதற்காக 300 என்று பெருக்கக்கூடாது. முக்காலியில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிட்டு, அதிர்வைக் குறைக்கும் மின்னணு முதல் திரை ஷட்டரையும் பத்து நொடி டைமரையும் பயன்படுத்துவது நல்லது.

காற்றையும் மறக்கக்கூடாது. உச்சி வெயிலில், சூடேறிய சாலைக்கும் கூரைகளுக்கும் மேலாக ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் பார்த்தால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் கோடுகள் நெளியும். விடியற்காலையில், முப்பது அல்லது ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள செங்கல் சுவரே போதும். மிக அருகில் ஒட்டிய சோதனை அட்டையோ இந்த லென்ஸ் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தூரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

லென்ஸின் முன்புறத்து ஒளித்தடுப்புக் குழல் (ஹூட்) இல்லாமல் வெளிச்சத்தை நோக்கி எடுப்பதும், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சையும் மூட்டமும் உண்டா என்று பார்க்காமலே தொடங்குவதும் தவறுகள்தாம்.

இவற்றுக்குப் பிறகும் ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமராவைத் தலைகீழாக்கி அதே சுவரை மீண்டும் எடுக்க வேண்டும். மங்கல் சுவரின் அதே பகுதியில் நின்றால், கேமரா சுவருக்கு நேராக இல்லை என்று பொருள். மங்கல் கேமராவோடு சேர்ந்து இடம் மாறி, வேறொரு அடாப்டரிலும் அப்படியே தொடர்ந்தால்தான், லென்ஸினுள் ஏதோ ஒரு வில்லை நிலைபிசகியிருக்கிறது என்று ஐயப்படலாம்.