"இன்னும் எதுக்குப்பா இந்த ஊர்வலம்?"னு மாமா கேட்டா என்ன பேசுறது

நம்ம சவுத் ஆப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் நம்ம ஆளுங்க இருக்குற சாட்ஸ்வர்த்லயோ ஃபீனிக்ஸ்லயோ ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சு துனி (நம்ம சீட்டாட்டம்) ஆட உக்காரும்போது டிவில ப்ரைடு மார்ச், அதாவது தன்பால் ஈர்ப்பு உள்ளவங்க உரிமைக்காக நடத்துற ஊர்வலம், ஓடுச்சுன்னா போதும், யாராவது ஒரு பெருசு கேட்டுடும், "அதான் கல்யாணமே பண்ணிக்கலாம்னு சட்டம் வந்தாச்சே, இன்னும் எதுக்குப்பா ரோட்ல ஆடிட்டு போறாங்க?" கேக்குறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல, நெறைய பேரு நெஜமாவே தெரியாமதான் கேக்குறாங்க. ஆனா நம்ம புள்ளைங்க உடனே கத்திட்டு எந்திரிச்சு போயிடும், இல்லனா போனைப் பாத்துட்டு சும்மா இருந்துடும். ரெண்டுமே வேஸ்ட். கத்தாம, ஆனா விட்டும் குடுக்காம எப்படி பேசலாம்னுதான் இதை எழுதுறேன்.

மொதல்ல கேக்குறது யாருன்னு பாருங்க. அந்த ஒரே கேள்விய மூணு விதமான ஆளு கேப்பாங்க. ஒருத்தருக்கு விஷயமே புடிக்கல, ஆனா அதை நேரா சொல்ல கூச்சம், அதான் "தேவையா"ன்னு கேக்குறாரு. இன்னொருத்தருக்கு ஆளுங்க மேல ஒரு கோவமும் இல்ல, அந்த டிரஸ், சத்தம், டிராஃபிக் ஜாம் இதான் எரிச்சல். மூணாவது ஆளு அவரே கே-யா (ஆம்பளைங்க மேல ஈர்ப்புள்ள ஆம்பளையா) இருப்பாரு, "இப்பல்லாம் பேங்க் விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு, நான் போறதில்ல"ன்னு சொல்லுவாரு. மூணு பேருக்கும் ஒரே பதில சொன்னா ஒருத்தருக்கும் போய் சேராது. அதனால திருப்பி ஒரு கேள்வி கேளுங்க, "எது மாமா உங்களுக்கு உறுத்துது, அவங்க இருக்குறதா இல்ல நடக்குறதா?" இதுக்கு அவர் யோசிக்க ஆரம்பிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்தது, சட்ட விஷயத்துல அவர் சொல்றது சரிதான்னு ஒத்துக்கோங்க. மழுப்பாதீங்க. பாலின ஈர்ப்பை வச்சு ஒதுக்கக் கூடாதுன்னு அரசியல் சாசனத்துலயே எழுதின மொத நாடு நம்ம சவுத் ஆப்பிரிக்காதான், 1996 சாசனத்துல ஒன்பதாவது பிரிவு. 1998ல ஆம்பளையும் ஆம்பளையும் சேந்தா குத்தம்ங்கிற பழைய சட்டத்த கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் தூக்கி எறிஞ்சுது. 2006ல கல்யாணச் சட்டம், உலகத்துலயே அஞ்சாவது நாடு, ஆப்பிரிக்காவுல மொத நாடு. இதெல்லாம் மாமாவுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, அப்பதான் அடுத்து சொல்றது ஏறும்.

அடுத்து சொல்ல வேண்டியது என்னன்னா சட்டம் ஒரு பக்கம் போச்சு, ஜனங்க மனசு அந்த வேகத்துக்கு வரல. 2016ல வந்த ஒரு பெரிய நாடு தழுவிய சர்வேல (இவங்க உரிமைக்காக வேலை செய்யுற தி அதர் ஃபவுண்டேஷனும் எச்எஸ்ஆர்சிங்கிற அரசாங்க ஆராய்ச்சி அமைப்பும் சேந்து போட்டது) பத்துல ஏழு பேருக்கு மேல தன்பால் உறவு தப்புன்னு சொன்னாங்க, ஆனா அதே சர்வேல பாதிக்கு கொஞ்சம் மேல பேரு அவங்களுக்கும் சம உரிமை இருக்கணும்னும் சொன்னாங்க. புடிக்கல, ஆனா உரிமைய புடுங்க வேணாம், இதான் இங்க நெறைய பேரோட மனசு. உங்க மாமாவும் அனேகமா இந்தக் கூட்டத்துலதான் இருப்பாரு, அதனால அவர எதிரியா நெனச்சு ஆரம்பிக்காதீங்க.

அப்புறம் அந்த சட்டமே கல்யாணம் பதியுற கவுன்ட்டர்ல என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க. 2006 சட்டத்துலயே ஒரு ஓட்டை வச்சிருந்தாங்க, அரசாங்க மேரேஜ் ஆபீசருக்கு மனசாட்சி ஒத்துக்கலனா ஒரே பால் ஜோடிக்கு கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கலாம். சம்பளம் அரசாங்கத்துது, வேலை மட்டும் முடியாதாம். அந்த ஓட்டைய அடைக்க 2020 வரைக்கும் ஆச்சு. உரிமை கெடச்சாச்சுன்னு சொல்றவங்க இந்த பதினாலு வருஷத்த கணக்குல எடுக்கணும்.

உயிர் போன கதைய சொல்லணும்னா சொல்லுங்க, ஆனா வாதத்துல ஜெயிக்கிறதுக்காக மட்டும் சொல்லாதீங்க. நாட்டோட பொம்பளைங்க டீமான பன்யானா பன்யானாவுல ஃபுட்பால் ஆடின யூடி சிமெலானேவ 2008ல ஜோபர்க் பக்கத்துல இருக்குற குவா-தேமாவுல பலாத்காரம் பண்ணி கொன்னாங்க, அவங்க லெஸ்பியன்னு அந்த ஊருக்கே தெரியும். தன்னை கே-ன்னு வெளிப்படையா சொன்ன இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ 2025 பிப்ரவரில குபெர்ஹாவுல (பழைய போர்ட் எலிசபெத்) நடுரோட்ல சுட்டுக் கொன்னாங்க. வெறுப்புக் குற்றத்துக்குன்னு தனி சட்டத்துல ஜனாதிபதி கையெழுத்து போட்டதே 2024லதான்.

இப்ப நான் எப்பவும் கடைசியா எறக்குற சீட்டு. நம்ம பெருசுங்களுக்கு காந்தி இங்க நடத்தின 1913 போராட்டம்னா ஒரு பெருமை இருக்கும், தில்லையாடி வள்ளியம்மை பேர சொன்னாலே குரல் மாறும். அந்த வருஷம் எதுக்காக நம்ம பொம்பளைங்க ரோட்டுக்கு வந்தாங்கன்னு கேளுங்க. ஒப்பந்தம் முடிஞ்ச கூலிங்க மேல போட்ட மூணு பவுண்டு வரின்னு உடனே சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா இன்னொன்னும் இருக்கு. 1913 மார்ச்ல கேப் கோர்ட்ல ஜட்ஜ் சேர்ல் ஒரு தீர்ப்பு குடுத்தாரு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் பண்ணாத கல்யாணம் எதுவும் இங்க செல்லாதுன்னு. அதாவது தாலி கட்டி அக்கினிய சுத்தி பண்ணின கல்யாணத்துக்கு இந்த நாட்டுல மதிப்பில்ல, நம்ம பாட்டிமாரெல்லாம் சட்டப்படி பொண்டாட்டியே இல்ல. அந்தக் கோவத்துலதான் பொம்பளைங்க மாகாண பார்டர தாண்டி நடந்து ஜெயிலுக்குப் போனாங்க, வள்ளியம்மை ஜெயில்ல வந்த காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரில பதினாறு வயசுல செத்துப்போச்சு. சட்டத்த மாத்தினது 1914ல. சட்டம் மாறினதும் நம்ம ஆளுங்கள வெள்ளக்காரன் சமமா நடத்திட்டானா மாமா? இதுக்கு இல்லன்னுதான் சொல்ல முடியும், சட்டம் வேற நடப்பு வேறன்னு நம்மள விட யாருக்குத் தெரியும். வள்ளியம்மைய பொதைச்சது ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) பிராம்ஃபான்டைன் கல்லறையில, நாட்டோட மொத ப்ரைடு மார்ச் 1990 அக்டோபர்ல கெளம்பினதும் அதே பிராம்ஃபான்டைன்லருந்துதான். இது தற்செயல்தான், ஆனா தாத்தா பாட்டிங்க இதை ஞாபகம் வச்சுப்பாங்க.

டிரஸ் பத்தி புகார் வந்தா 1990 மார்ச்ச சொல்லுங்க. கிட்டத்தட்ட எண்ணூறு பேரு நடந்தாங்க, அதுல சிலர் தலையில பேப்பர் பைய கவுத்து கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டுட்டு நடந்தாங்க, மூஞ்சி தெரிஞ்சா வேலை போயிடும், வீட்ட விட்டு தொரத்திடுவாங்கன்னு பயம். முன்னாடி நின்னவங்கள்ல ஒருத்தர் சைமன் ங்கோலி, அபார்தைட்ட (வெள்ளக்காரங்களோட நிறவெறி ஆட்சிய) எதிர்த்து டெல்மாஸ் ராஜதுரோக வழக்குல உள்ள இருந்தவரு, ஜெயில்ல கூட இருந்த தோழர்கள்ட்டயே தான் கே-ன்னு சொன்னவரு. மூஞ்சிய மூடிட்டு நடந்தவங்க இன்னிக்கு மினுமினு சட்டை போட்டு ஆடுறாங்கன்னா அதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. காவடி எடுக்கும்போது நம்மளும் ரோட்ட அடைச்சிட்டு மேளத்தோடதான் போறோம், பக்கத்து வீட்டுக்காரன் யாரும் "இன்னும் எதுக்கு"ன்னு கேக்குறதில்ல. இதை சிரிச்சிட்டே சொல்லுங்க, இல்லனா சண்டையாயிடும்.

மூணாவது ஆளுக்கு, அதாவது வியாபாரமா போச்சுன்னு சொல்றவருக்கு, பாடம் எடுக்காதீங்க, அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. 2012 ஜோபர்க் ப்ரைடுல டவுன்ஷிப்ல (கறுப்பு ஜனங்க இருக்குற புறநகர்ல) கொல்லப்பட்ட லெஸ்பியன்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம் கேட்டு ஒன் இன் நைன் அமைப்பு பொண்ணுங்க ரோட்ல படுத்தாங்க. அவங்கள ஊர்வலக்காரங்களே நகரச் சொல்லி தள்ளினாங்க. அடுத்த வருஷம் அந்த ப்ரைடு கம்பெனியே கலைஞ்சு போச்சு. அதனால தேவையா இல்லையாங்கிறத விட எந்த ப்ரைடு, யாருக்கான ப்ரைடுங்கிறதுதான் பேச வேண்டியது. சொவேட்டோ ப்ரைடு 2004லருந்து நடக்குது, அங்க போய் பாத்துட்டு வந்து பேசச் சொல்லுங்க, மால் ஓரத்துல நடக்குறதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் அங்க தெரியும்.

புராணத்த எடுக்காதீங்க, இது என்னோட தனிப்பட்ட கருத்து. சிகண்டி, அர்த்தநாரீஸ்வரர்னு ஆரம்பிச்சா பேச்சு சாமி பக்கம் போயிடும், நெஜமா நம்ம கூட இருக்குற பக்கத்து வீட்டு கே பையன் அதோட மறந்துபோவான், அந்தப் பக்கம் பெரியவங்களுக்கு நம்மள விட அதிகமா கதை தெரியும்.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. பேசும்போது அந்த வீட்டுல இன்னும் யார்கிட்டயும் சொல்லாத ஒருத்தர் இருக்கலாம், கிச்சன்ல பாத்திரம் கழுவிட்டே உங்க பேச்ச கேட்டுட்டு இருக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும் அவங்கள உதாரணமா காட்டாதீங்க, அவங்க பக்கம் திரும்பிக்கூட பாக்காதீங்க. வாதத்துல தோத்தாலும் பரவால்ல. மாமா கொச்சையா எதாவது சொன்னா மட்டும் "அப்படி சொல்லாதீங்க மாமா"ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க, அது மாமாவுக்கு இல்ல, கிச்சன்ல இருக்குறவங்களுக்கு.

யாராவது "சரி, ஒரு தடவ வந்து பாக்குறேன்"னு சொல்லிட்டா கூட்டிட்டுப் போங்க. டர்பன் ப்ரைடு, கேப் டவுன், ஜோபர்க் எல்லாத்துக்கும் தேதியும் ரூட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்தந்த அமைப்போட பக்கத்துல ஒரு வாரம் முன்னாடி பாத்துக்கோங்க. பாதுகாப்பு அறிவிப்பும் அங்கதான் வரும், 2022ல ஜோபர்க்ல சான்ட்டன் பக்கம் தாக்குதல் நடக்கலாம்னு அமெரிக்க எம்பசி எச்சரிக்கை விட்டுச்சு, இருந்தாலும் மார்ச் நடந்துச்சு. மொத தடவ வர்றவங்கள கூட்டத்துக்கு நடுவுல நிக்க வைக்காதீங்க, ஓரத்துல, நிழல் இருக்குற எடத்துல, பக்கத்துல டாய்லெட் இருக்கான்னு பாத்து நிறுத்துங்க, பெரியவங்களுக்கு இதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். ஒரு மணி நேரம் போதும், அப்புறம் ஒரு பன்னி சவ் (பிரெட்ட கொடைஞ்சு உள்ள கறி ஊத்தினது) வாங்கிக் குடுத்து வீட்ல விடுங்க. போட்டோ எடுத்தா பின்னாடி யார் மூஞ்சி விழுதுன்னு பாக்காம ஃபேமிலி வாட்ஸாப் குரூப்ல போட்டுடாதீங்க, அங்க நடந்தவங்கள்ல பாதிப் பேரு திங்கக்கிழமை அவங்கவங்க ஆபீஸுக்கு போகணும்.