வீடு மாறும்போது காரிலேயே நெடுந்தூரம் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

கடைசிப் பெட்டியை ஒட்டி முடித்த அன்றைக்கே வண்டியை எடுக்காதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்வது உடம்பை முறிக்கிற வேலை, பல நாளாகச் சரியான தூக்கம் இருக்காது, சாவியை ஒப்படைத்து, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வெளியே வரவே சாயங்காலம் ஆகிவிடும், அப்புறம் ராத்திரி ரோடு காலியாகத்தானே இருக்கும், போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். காலி வீட்டில் பாய் விரித்தாவது ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்புங்கள்.

சரி, காரில் எதை ஏற்றுவது? சான்றிதழ்கள், நகை, மருந்து, லேப்டாப், ஹார்டு டிஸ்க் எல்லாம் உங்களோடுதான் வர வேண்டும், லாரியில் போகக் கூடாது. லாரி சொன்ன நாளில் வராமல் போகலாம் என்பதால் இரண்டு மூன்று நாளைக்கான துணி, போர்வை, துண்டு, சோப்பு, ஒரு பாத்திரம், கத்தி, ஸ்க்ரூடிரைவர், இரண்டு பல்பு ஆகியவற்றைத் தனிப் பையில் போட்டுக் கடைசியாக ஏற்றுங்கள். பல்பு எதற்கு என்று கேட்காதீர்கள், காலி செய்து போனவர்கள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஏற்றுவதற்கு முன் ஸ்டெப்னியைப் பாருங்கள். பல கார்களில் அது டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கும், பஞ்சரானால் அத்தனை சாமானையும் ரோட்டோரம் இறக்கி வைத்தால்தான் கையில் கிடைக்கும். அதனால் அதில் காற்று இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டு, ஜாக்கியையும் ஸ்பேனரையும் கைக்கு எட்டுகிற இடத்துக்கு மாற்றுங்கள். மற்ற டயர்களுக்கு, முழுச் சுமைக்கான காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், வழக்கமான அளவைவிட அது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். டயர் சூடாகும் முன் காற்று பிடியுங்கள்.

கனமானவை கீழே, பின் சீட்டை ஒட்டி. சீட்டின் உயரத்துக்கு மேல் எதையும் தளர்வாக வைக்காதீர்கள், சடன் பிரேக் அடித்தால் மிக்ஸி நேராக உங்கள் தலைக்குத்தான் வரும். பின்பக்கம் பாரம் ஏறினால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசும், ஸ்டியரிங் பக்கத்தில் அதைத் தாழ்த்தும் திருகு இருந்தால் பயன்படுத்துங்கள். முழுப் பாரத்தோடு வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். கண் சொருகினால் பாட்டோ ஜன்னல் காற்றோ உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்தே பலன் தரும். அதிகாலை 2 முதல் 5 வரையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூக்கம் மிக மோசமாக அழுத்தும்.

வழியில் தங்கினால், டிக்கி திறக்க முடியாதபடி சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். குழந்தையையோ நாய், பூனையையோ பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள், வெயிலில் உள்ளே சூடு பயங்கர வேகத்தில் ஏறும்.

புது வீட்டுக்குப் பகலில் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். தண்ணீர் வருகிறதா, கரண்ட் இருக்கிறதா, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன்பே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.