இம்ப்ரெஸாவை ட்ரிஃப்ட்டுக்காகப் பின்சக்கர இழுவைக்கு மாற்றுவது எப்படி

2006-ல் ஜப்பானின் டி1 கிராண்ட் பிரீ ட்ரிஃப்ட் போட்டியின் பட்டத்தை நோபுஷிகே குமாகுபோ வென்றது சுபாரு இம்ப்ரெஸாவில். ஆலையிலிருந்து நான்கு சக்கர இழுவையோடு வரும் கார், ட்ரிஃப்ட்டுக்காக, அதாவது பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு வளைவில் ஓட்டுவதற்காக, பின்சக்கர இழுவையாக மாற்றப்பட்டிருந்தது. அதே மாற்றத்தை 5 கியர் மேனுவல் பெட்டி உள்ள இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் மாடலில் (ஜிசி8, ஜிடி தலைமுறைகள்) செய்யும் முறையைப் பார்ப்போம். உயர்ரக எஸ்டிஐ மாடலின் 6 கியர் பெட்டியும் ஆட்டோமேட்டிக்கும் உள்ளே வேறு மாதிரி. அவற்றுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்சக்கரங்களைச் சுற்றும் ஷாஃப்ட் (தண்டு) இரண்டையும் உருவிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கியர்களிலிருந்து வரும் சக்தி, குழல் போன்ற ஒரு ஷாஃப்ட் வழியாகப் பெட்டியின் பின்கோடியில் உள்ள சென்டர் டிஃபரென்ஷியலுக்குப் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) போய் அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அந்தக் குழலுக்குள்ளேயே ஓடும் பினியன் தண்டு வழியாக முன்னால் திரும்புகிறது. மறுபங்கு டிரான்ஸ்ஃபர் கியர் வழியாகப் பின்னால் போகிறது. முன்பக்கம் சுமையின்றிச் சுற்ற ஆரம்பித்தால் சுற்றெல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும். கார் நகர்ந்தால் அது விஸ்கஸ் கப்ளிங்கின் (கெட்டியான திரவத்தால் இரு பக்கத்தையும் ஓரளவு பிணைக்கும் உறுப்பு) புண்ணியம். அதுவும் சீக்கிரம் வெந்துபோகும். ஆகவே முதல் வேலை சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டுவது.

பூட்ட இரண்டு வழி உண்டு: உள்ளே உள்ள சிறு கியர்களை வெல்ட் செய்வது, அல்லது டிஃபரென்ஷியலையே எடுத்துவிட்டு ஸ்பூல் (சக்தியைப் பிரிக்காமல் நேராகக் கடத்தும் திடமான உறுப்பு) போடுவது. எங்கள் பரிந்துரை ஸ்பூல்தான். டபிள்யூஆர்எக்ஸின் சென்டர் டிஃபரென்ஷியலோடு சிலிக்கான் திரவம் அடைத்த விஸ்கஸ் கப்ளிங் சேர்ந்தே இருக்கிறது. மூடிய கலத்தில் திரவத்தை வைத்துக்கொண்டு வெல்டிங் பிடித்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். வெல்டிங்தான் செய்வதென்றால் கப்ளிங்கை முழுதாகப் பிரித்து, திரவத்தைத் துடைத்தெடுத்த பிறகு மட்டும். நன்றாக ஊடுருவாத வெல்ட் முதல் கிளட்ச் கிக்கிலேயே (கிளட்ச்சை மிதித்துச் சட்டென்று விடுவது) விட்டுப்போகும். அந்தத் துண்டு பெட்டிக்குள் விழுந்தால் கியர்களும் போச்சு.

காரை நான்கு ஜாக் ஸ்டாண்டில் சமமாக ஏற்றி, கியர்பாக்ஸ் ஆயிலை இறக்குங்கள். பெட்டிக்கும் முன் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில், சுமார் 3.5 லிட்டர். பெட்டியிலிருந்து பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின் ஃபிளாஞ்சுக்கும் (இணைப்புத் தட்டு) பின் டிஃபரென்ஷியல் ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது கோடுகள் நேராக வராவிட்டால் அதிர்வு வரும். முன்முனையை உருவினால் மிச்ச ஆயில் கொட்டும். கீழே தட்டு வையுங்கள். பெட்டியை ஜாக்கியில் தாங்கி, குறுக்குத் தண்டை எடுத்து, கியர் லிங்க்கை விடுவித்து, பின் உறையைப் பிரியுங்கள். சென்டர் டிஃபரென்ஷியல் பின்பக்கமாகவே வெளியே வரும். முழுப் பெட்டியையும் இறக்கத் தேவையில்லை. அதோடு வரும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), வாஷர் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று படம் எடுத்து வையுங்கள். இடைவெளி கெட்டால் பேரிங் ஊளையிடும். ஸ்பூலின் அகலம் பழைய உறுப்பின் அகலத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெர்னியரில் அளந்த பிறகே மூடுங்கள்.

அடுத்து முன் ஷாஃப்ட். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். முன் ஹப்பின் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது ஆக்சில் நட்டும், அது திருகப்படும் ஷாஃப்ட்டின் வெளிமுனையும் (ஸ்டப்) தான். ஷாஃப்ட்டை முழுதாக எடுத்துவிட்டு ஓட்டினால் ஹப் பேரிங்கிலிருந்து நழுவி, சக்கரம் கழன்று போகும். ஆகவே ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, வெளி ஜாயிண்ட்டின் (சிவி ஜாயிண்ட்) ரப்பர் உறையைக் கிழித்து, தண்டையும் குண்டுகளையும் கூட்டையும் நீக்குங்கள். மிஞ்சும் கிண்ணத்தைத் துடைத்து, அதன் ஸ்டப்பை ஹப்பில் திரும்பப் பூட்டி, 32 மிமீ நட்டை உங்கள் மாடலின் பட்டறைக் கையேடு சொல்லும் டார்க்குக்கு இறுக்கி, நட்டின் விளிம்பை மடித்துப் பூட்டுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் ரோல் பின் குத்திய ஸ்டப் இருந்தால் பின்னைத் தட்டி ஷாஃப்ட்டை உருவினால் போதும். ஸ்டப் அப்படியே இருக்கட்டும், ஆயில் சீல் அதன்மேல்தான் உட்காருகிறது. ஷாஃப்ட்டே உள்ளே சொருகும் வகையானால் துளை திறந்துவிடும், அடைப்புத் தேவை. முன் டிஃபரென்ஷியலின் கிரவுன் கியரை (பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) எடுத்து எடை குறைக்கும் ஆசை வரும். முதல் மாற்றத்திலேயே வேண்டாம். பல பெட்டிகளில் ஸ்பீடோமீட்டர் ஓட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. எடுத்தால் முள் செத்துவிடும். முன் பினியனோடு சேராத ஸ்பூல் போட்டாலும் இதே கதைதான்.

முன்னால் பகிர்ந்துபோன சுமை இனி முழுதும் பின்னால். டபிள்யூஆர்எக்ஸின் ஆர்160 பின் டிஃபரென்ஷியல் பழகுவதற்குத் தாங்கும். பவரை ஏற்றினால் கிரவுன் பினியனோ பக்க ஷாஃப்ட்டோ முறியும். எஸ்டிஐயின் ஆர்180-தான் சரியான தீர்வு. டிஃபரென்ஷியலை மட்டும் வாங்காமல் பின் மூடி, தாங்கும் பட்டை, இரு ஷாஃப்ட் எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து செட்டாக எடுங்கள். ஹப்பின் ஸ்ப்ளைன் பொருந்துகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல சுதந்திரமும் கிடைக்கிறது: முன் விகிதத்தோடு பின் விகிதம் ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. உதாரணமாக 1.1 டிரான்ஸ்ஃபர் விகிதமுள்ள பெட்டியில் 3.545 பின் டிஃபரென்ஷியல் மொத்தம் 3.9 தரும். அங்கே 3.9 போட்டால் மொத்தம் 4.29 ஆகும்; மூன்றாம் கியரில் டயரைச் சுற்றவைப்பது எளிதாகும். டிஃபரென்ஷியலுக்குள் 2-வே பிளேட் எல்எஸ்டி (ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் இரு பின்சக்கரங்களையும் பிணைக்கும் அமைப்பு) நல்லது. கையில் காசு குறைவென்றால் வெல்ட் செய்த டிஃபரென்ஷியலிலும் பழகலாம், ஆனால் உள்ளே விஸ்கஸ் கப்ளிங் இருந்தால் முன்பு சொன்ன வெல்டிங் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

ஆயில் நிரப்பியதும் (75டபிள்யூ-90, ஜிஎல்-5) கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே முதல் கியரில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரங்கள் தடங்கலின்றிச் சுற்ற வேண்டும், முன்சக்கரங்கள் அசையக் கூடாது, சீல்களில் கசிவு இருக்கக் கூடாது.

முன் ஷாஃப்ட் போனதால் ஸ்டியரிங் திருப்பத்துக்கு சிவி ஜாயிண்ட் இனி தடையில்லை. ஸ்டியரிங் ரேக்கின் முனையில் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) போட்டால் சில டிகிரி கூடும். டை ராடின் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருகு போதிய அளவு உள்ளே இறங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். முழுத் திருப்பத்தில் டை ராடும் நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் உறுப்பு) கையும் ஒரே கோட்டுக்கு வந்தால் சக்கரம் மறுபக்கம் மடங்கிக்கொள்ளும், அதற்கு முன்பே நிறுத்தம் வையுங்கள். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 3 முதல் 4 டிகிரி, பின்னால் மைனஸ் 1-ஐச் சுற்றி, பின் டோ (சக்கரங்களின் முன்விளிம்பு திரும்பியிருக்கும் திசை) சற்று உள்ளே என்று ஆரம்பிக்கலாம். பாக்ஸர் எஞ்சின் முன் ஆக்சிலுக்கும் முன்னால் தொங்குவதால் மூக்கு கனம். பேட்டரியைப் பின்னுக்கு மாற்றுவது வீண் வேலையல்ல.

நீண்ட சறுக்கலில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப்புக்குக் காற்றுதான் கிடைக்கும். ராட் பேரிங் போகும். சம்ப்புக்குள் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் பேஃபிள் தகடு போடாமல் களத்தில் இறக்காதீர்கள். ஆலை ஹேண்ட்பிரேக்கின் சிறு ஷூக்கள் ஓடும் வேகத்தில் சக்கரத்தைப் பூட்டப் போதாது, பின் காலிப்பருக்கு ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் வேண்டும்.

மூடிய களத்தில் முதல் ஓட்டம் முடிந்ததும் கியர்பாக்ஸ் ஆயிலையும் பின் டிஃபரென்ஷியல் ஆயிலையும் இறக்கி வடிகட்டிப் பாருங்கள். காந்த பிளக்கில் மாவு போன்ற மெல்லிய துகள் இருந்தால் அது இயல்பு. நகத்தில் உரசும் அளவுக்குத் துண்டு வந்தால், பின் உறையைத் திரும்பத் திறந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள்.