அவுட்லுக், தண்டர்பேர்ட் மெயில் ஃபைல் கெட்டுப்போச்சா? கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுங்க

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கமா கரைய கடந்துச்சு இல்லையா, அன்னிக்கு எங்க கடலூர்லயும் கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு. மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, யாரும் மாத்தல, மெயில் பாக்கற அவுட்லுக் புரோகிராம் தொறந்தபடியே சிஸ்டம் நாலஞ்சு தடவ டப்புன்னு அணைஞ்சிருக்கு. தண்ணி வடிஞ்சு ஆபீஸ் தொறந்தா அவுட்லுக் வரல, ஃபைல்ல எரர் இருக்குன்னு ஒரு மெசேஜ் மட்டும் நிக்குது. சார் எனக்கு போன் பண்ணி "தம்பி, எட்டு வருஷ மெயில்ப்பா, கிளையன்ட் அனுப்புன கணக்கு, நோட்டீஸ், பதில் எல்லாம் அதுலதான் கெடக்கு"ன்னு சொன்னாரு, குரலே சரியில்ல. நான் கேட்ட மொத கேள்வி, "சார், யாராவது அதுல எதையாவது அமுக்குனாங்களா?" யாரும் தொடல. அதனாலதான் அந்த மெயில் கிட்டத்தட்ட முழுசா திரும்ப கெடச்சுச்சு.

அதே மாசம் பண்ருட்டியிலேர்ந்து ஒரு முந்திரி வியாபாரி சிஸ்டத்த தூக்கிட்டு வந்தாரு. இதே மாதிரி பிரச்சனைதான், ஆனா என்கிட்ட வர்றதுக்குள்ள வேற ஒருத்தர் ஒரிஜினல் ஃபைல் மேலயே ரிப்பேர் ஓட்டி, சரியாகலன்னு விண்டோஸையும் ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுட்டாரு. பழைய ஹார்ட் டிஸ்க் இல்ல, எஸ்எஸ்டி வேற, அழிஞ்ச இடத்த அது தொடச்சுடும். ஒண்ணும் மிஞ்சல. ஏழு வருஷமா வெளிநாட்டு பையர் கூட பேசுன ரேட்டு, ஷிப்பிங் பேப்பர் எல்லாம் போச்சு. அந்த மனுஷன் கடையில அப்படியே உக்காந்துட்டாரு, நான் டீ வாங்கிக் கொடுத்தேன், வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அவர நெனச்சுதான் இத எழுதுறேன்.

மொதல்ல உங்க மெயில் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. அவுட்லுக்ல ஃபைல் மெனு, அக்கவுன்ட் செட்டிங்ஸ், அதுல டேட்டா ஃபைல்ஸ்னு ஒரு டேப் இருக்கும், அதுல ஃபைல் பேரும் அது இருக்கற இடமும் காட்டும், ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் அமுக்குனா நேரா அந்த ஃபோல்டருக்கே கொண்டு போயிடும். அவுட்லுக்கே தொறக்கலன்னா கன்ட்ரோல் பேனல்ல மெயில்னு ஒரு ஐக்கான் இருக்கும், அது வழியாவும் இதே லிஸ்ட்ட பாக்கலாம். (நான் சொல்றது எல்லாம் பழைய கிளாசிக் அவுட்லுக்குக்குத்தான், இப்ப விண்டோஸ் கூட வர்ற நியூ அவுட்லுக் வேற சாமான், அதுல இந்த மெனு இருக்காது.)

அந்த ஃபைல் பேரு எப்படி முடியுதுன்னு பாருங்க, எல்லாமே அதுலதான் இருக்கு. பிஎஸ்டின்னு (.pst) முடிஞ்சா பெரும்பாலும் பாப் அக்கவுன்ட், அதாவது மெயில உங்க சிஸ்டத்துக்கு இறக்கிக்கற வகை, இல்லன்னா பழைய மெயில ஒதுக்கி வைக்க நீங்களே உண்டாக்குன ஆர்கைவ். அப்படின்னா உலகத்துலயே உங்க மெயிலுக்கு இருக்கற ஒரே பிரதி அதுவா இருக்கலாம், ஏன்னா பாப் அக்கவுன்ட்ல மெயில் சிஸ்டத்துக்கு வந்ததும், இல்ல இத்தன நாள் கழிச்சு, சர்வர்லேர்ந்து அழிச்சுடற மாதிரி செட்டிங் இருக்கும். ஓஎஸ்டின்னு (.ost) முடிஞ்சா அது எக்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365, இல்லன்னா 2013-லேர்ந்து வர்ற அவுட்லுக்ல ஐமேப் அக்கவுன்ட், இதெல்லாம் மெயில சர்வர்லயே வெச்சுக்கற வகை, அதுக்கு மூலம் சர்வர்ல இருக்கு, உங்க சிஸ்டத்துல இருக்கறது நகல்.

ஓஎஸ்டி கெட்டா நெட்ல எல்லாரும் "டிலீட் பண்ணு, அதுவா திரும்ப டவுன்லோட் ஆகும்"னு சொல்றாங்க. பாதி உண்மைதான். ஐமேப் அக்கவுன்ட்ல கான்டாக்ட்ஸும் கேலண்டரும் சர்வருக்கு போறதே இல்ல, பக்கத்துலயே திஸ் கம்ப்யூட்டர் ஒன்லின்னு போட்டிருக்கும், அதெல்லாம் அந்த ஓஎஸ்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு, டிலீட் பண்ணா அதுவும் சேந்து போயிடும். அதனால அவுட்லுக் தொறக்குதுன்னா முதல்ல ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட் போயி அந்த ரெண்டையும் ஒரு பிஎஸ்டியா எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க, அப்புறம் அவுட்லுக்க மூடிட்டு ஓஎஸ்டிய டிலீட் பண்ணாம பேரு மட்டும் மாத்துங்க, கடைசியில பழசுன்னு சேத்துட்டா போதும், தொறந்தா புதுசா ஒண்ணு உண்டாகி சர்வர்லேர்ந்து இறங்கும். இன்னொண்ணு, கம்பெனி டொமைன் ஹோஸ்டிங்க வேற ஆளுகிட்ட மாத்தப் போறீங்கன்னா அதுக்கு முந்தியே எல்லா ஃபோல்டரையும் பிஎஸ்டியா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க. புது சர்வர் காலியா இருக்கும், பழைய அக்கவுன்ட்லயே சர்வர் அட்ரஸ மட்டும் மாத்துனா அவுட்லுக் அந்த காலி சர்வரோட சிங்க் பண்ணி உங்க பக்கமும் காலி பண்ணிடும், அந்த மாதிரி அழுத முகத்த நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்.

இப்ப காப்பி எடுக்கற வேல. அவுட்லுக்க மூடுங்க, மூடுனாலும் சில சமயம் உள்ள ஓடிட்டே இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல போயி அவுட்லுக் பேரு இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒரு ரெண்டு நிமிஷம் பொறுத்து பாருங்க, அப்பவும் போகலன்னா மட்டும் எண்ட் டாஸ்க் குடுங்க. அப்புறம் ஃபைல வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. இங்க நெறைய பேரு மாட்டிக்கறாங்க, பென்டிரைவ்ல 16 ஜிபி காலி இருக்கும், 6 ஜிபி ஃபைல் ஏற மாட்டேங்கும், ஃபைல் ரொம்ப பெருசுன்னு சொல்லும். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல அது வாங்காது. பென்டிரைவ்ல இருக்கறத எடுத்து வேற எங்கயாவது வெச்சுட்டு எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணா ஏறிடும். பாதி காப்பியில எரர் வந்து நின்னா மறுபடி மறுபடி முட்டாதீங்க, டிஸ்க்கே சாகுதுன்னு அர்த்தமா இருக்கலாம், அப்ப மெயில விட்டுட்டு முதல்ல டிஸ்க்க காப்பாத்துற ஆளுகிட்ட குடுங்க.

காப்பி வந்துடுச்சா, இனி எல்லாமே அந்த காப்பி மேலதான். ஒரிஜினல் அப்படியே தூங்கட்டும்.

ரிப்பேர் டூல வெளிய தேடி காசு குடுத்து வாங்க வேண்டாம், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கூடவே ஸ்கேன்பிஎஸ்டின்னு (SCANPST.EXE) ஒரு புரோகிராம் வருது. 2016-லேர்ந்து வர்ற ஆபீஸ்ல பெரும்பாலும் சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ரூட், ஆபீஸ்16 ஃபோல்டருக்குள்ள இருக்கும், 32 பிட் ஆபீஸ்னா எக்ஸ்86 போட்ட புரோகிராம் ஃபைல்ஸ்ல தேடுங்க. 2013-னா ஆபீஸ்15, 2010-னா ஆபீஸ்14. அத தொறந்து பிரவுஸ்ல உங்க காப்பி ஃபைல காட்டி ஸ்டார்ட் குடுங்க. ஸ்கேன் முடிஞ்சதும் எரர் இருக்குன்னு சொல்லிட்டு ரிப்பேர் பட்டன காட்டும், அதுக்கு மேலயே பேக்கப் எடுக்கட்டுமான்னு ஒரு டிக் இருக்கும், அந்த டிக் அப்படியே இருக்கட்டும். ஃபைல் சைஸ் மாதிரி ரெண்டு மடங்கு இடம் அந்த டிரைவ்ல காலியா இருந்தா நல்லது.

ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல் 18 ஜிபி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டார்ட் குடுத்துட்டு யூபிஎஸ்ஸ மாத்தி வெச்சுட்டு வந்துட்டேன், காலையில போயி பாக்கறப்ப முடிஞ்சிருந்துச்சு. நடுவுல ஸ்க்ரீன் வெள்ளையா போயி நாட் ரெஸ்பான்டிங்னு காட்டும், அது பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கும், பயந்துபோயி மூடிடாதீங்க. ஒரு தடவ ஓட்டுனா போதாது, திரும்ப திரும்ப ஓட்டுங்க, எரர் எதுவும் இல்லன்னு சொல்ற வரைக்கும். எனக்கு அன்னிக்கு மூணு ரவுண்டு ஆச்சு. அதுக்கப்புறம் அவுட்லுக்ல ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல் குடுத்து அத தொறந்தா இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ் எல்லாம் வந்துச்சு, கூடவே லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்னு ஒரு ஃபோல்டர், அதுல எந்த ஃபோல்டர்ன்னு தெரியாத மெயில் இருநூத்து சொச்சம். அத குப்பன்னு நெனச்சு அழிச்சுடாதீங்க, அவரு ரொம்ப தேடுன ஒரு நோட்டீஸ் அதுலதான் இருந்துச்சு. கடைசியா புதுசா ஒரு பிஎஸ்டி உண்டாக்கி, எல்லா ஃபோல்டரையும் அதுக்கு இழுத்துப் போட்டு, இனி அத வெச்சு வேல பண்ணுங்க, ரிப்பேர் ஆன ஃபைல தினசரிக்கு ஓட்டாதீங்க, ஒருதரம் ஒடஞ்சது மறுபடி ஒடையும்.

இது பிஎஸ்டி ஃபைலே இல்லன்னு ஸ்கேன்பிஎஸ்டி சொல்லிடுச்சுன்னா ஹெச்எக்ஸ்டின்னு (HxD) ஒரு இலவச ஹெக்ஸ் எடிட்டர் இருக்கு, ஃபைலுக்குள்ள இருக்கறத அப்படியே பச்சையா காட்டும், அதுல காப்பிய தொறந்து ஆரம்பத்த பாருங்க. சரியான பிஎஸ்டிக்கு முதல் நாலு எழுத்து ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் பி, டி, என். அதுக்கு பதிலா வெறும் பூஜ்யமா வரிசையா ஓடுனா கரண்ட் போன நேரத்துல அந்த இடம் எழுதப்படாம போயிருக்கு. கொஞ்ச தூரம் மட்டும் பூஜ்யம்னா காசு குடுத்து வாங்குற டூல்ல சான்ஸ் இருக்கு, அதோட டெமோவ ஓட்டி மெயில் கண்ணுல தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க. கடைசி வரைக்கும் பூஜ்யம்னா அதுல ஒண்ணும் இல்ல, பழைய பேக்கப்ப தேடுங்க.

ஃபைலயே யாரோ டிலீட் பண்ணிட்டாங்களா? ரீசைக்கிள் பின்ல இல்லன்னா சிஸ்டத்த அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க, அந்த டிஸ்க்லயே ரெக்கவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்றது இருக்கே, அது நம்ம ஃபைல் இருந்த இடத்து மேலயே எழுதிடும். டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டி, மூணாவது ஒரு டிஸ்க்குக்கு ரெக்கவர் பண்ணனும். பழைய ஹார்ட் டிஸ்க்னா நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டின்னா டிரிம்னு ஒண்ணு டிலீட் ஆன இடத்த அதுவாவே தொடச்சுடும், பெரும்பாலும் கெடைக்காது.

தண்டர்பேர்ட் வெச்சிருக்கவங்களுக்கு விஷயம் இன்னும் கொஞ்சம் சுலபம், ஏன்னா அதோட மெயில் ஃபைல் வெறும் டெக்ஸ்ட். ஹெல்ப் மெனுல டிரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அதுல புரொஃபைல் ஃபோல்டர் பக்கத்துல ஓப்பன் பட்டன். உள்ள மெயில்னு ஒரு ஃபோல்டர், ஐமேப்மெயில்னு ஒண்ணு. இன்பாக்ஸ்னு எக்ஸ்டென்ஷனே இல்லாம ஒரு பெரிய ஃபைல் இருக்கும், அதுதான் மெயில், அதே பேர்ல எம்எஸ்எஃப்னு (.msf) முடியற சின்ன ஃபைல் வெறும் இண்டெக்ஸ், எந்த மெயில் எங்க இருக்குங்கற பட்டியல். ஃபோல்டர் காலியா காட்டுது, சப்ஜெக்ட் ஒண்ணு மெயில் வேறன்னு காட்டுதுன்னா இண்டெக்ஸ்தான் கெட்டிருக்கும், ஃபோல்டர் மேல ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர், அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டையில ஒரு டிராவல்ஸ் நடத்தற அக்கா இன்பாக்ஸ்ல தெரியாம ஒரு கட்டு மெயில செலக்ட் பண்ணி அழிச்சு டிராஷையும் காலி பண்ணிட்டாங்க, பாப் அக்கவுன்ட். தண்டர்பேர்ட்ல மெயில அழிச்சா உடனே ஃபைல்லேர்ந்து போகாது, அழிஞ்சதுன்னு ஒரு குறி மட்டும் விழும், காம்பாக்ட் பண்ணும்போதுதான், அதாவது ஃபைல சுருக்கும்போதுதான், நெஜமாவே போகும். அதனால "அக்கா, காம்பாக்ட் பண்ணட்டுமான்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க, மூடிட்டு கைய எடுத்துடுங்க"ன்னு போன்லயே சொல்லிட்டேன். போயி இன்பாக்ஸ் ஃபைல காப்பி எடுத்துட்டு நோட்பேட் பிளஸ் பிளஸ்ல தொறந்தோம். ஒவ்வொரு மெயில் தலையிலயும் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்னு (X-Mozilla-Status) ஒரு வரி இருக்கும், அதுல 0001-னா படிச்ச மெயில், 0009-னா படிச்சு அப்புறம் அழிச்ச மெயில், 0008-னா படிக்காமலே அழிச்சது. 0009-அ 0001 ஆகவும், 0008-அ 0000 ஆகவும் ரீப்ளேஸ் குடுத்து, சேவ் பண்ணி, அந்த எம்எஸ்எஃப் ஃபைல மட்டும் டிலீட் பண்ணிட்டு தண்டர்பேர்ட் தொறந்தோம், புக்கிங் மெயில் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. முன்னாடியே வேணும்னு அழிச்சது கொஞ்சமும் கூட வரும், அத மறுபடி அழிச்சுக்கலாம். ஐமேப்ல இது வேலைக்காகாது, அங்க சர்வர் சொல்றதுதான்.

இனிமே கெடாம எப்படி வெச்சுக்கறது. ஒரே ஃபைல்ல எல்லாத்தையும் அடைக்காதீங்க. 2002 வரைக்கும் இருந்த அவுட்லுக் ஃபார்மட்ல ஃபைல் 2 ஜிபிய தாண்டுனாலே போச்சு, பழைய சிஸ்டத்துலேர்ந்து கொண்டு வந்த ஃபைல் இன்னும் அந்த 97-2002 ஃபார்மட்லயே சிலர்கிட்ட இருக்கு, உடனே புது பிஎஸ்டிக்கு மாத்துங்க. 2003, 2007-ல 20 ஜிபி வரைக்கும், 2010-லேர்ந்து 50 ஜிபி வரைக்கும் போகும், போகும்ங்கறதுக்காக போக விட்டா ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டவே ஒரு நாள் ஆகும். நான் எல்லாருக்கும் கணக்கு வருஷத்துக்கு ஒரு பிஎஸ்டின்னு பிரிச்சுக் குடுக்கறேன், ஏப்ரல்லேர்ந்து மார்ச், பேரும் 2023-24, 2024-25-ன்னு, எந்த பில்ல எங்க தேடணும்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஜிஎஸ்டி சட்டத்துல வருஷ ரிட்டர்ன் கடைசி தேதியிலேர்ந்து 72 மாசம் கணக்கு வழக்கு வெச்சிருக்கணும்னு இருக்கு, அதுக்கு முந்தி அந்த வருஷ ஃபைல தூக்கிப் போட்டுடாதீங்க.

நடப்பு பிஎஸ்டிய ஒன்டிரைவ் சிங்க் ஆகற ஃபோல்டர்ல வெக்காதீங்க, ஆபீஸ் நெட்வொர்க்ல வேற சிஸ்டத்து ஷேர்ல வெச்சு தொறக்கவும் கூடாது, அத மைக்ரோசாஃப்ட்டே சப்போர்ட் பண்றதில்ல. இடம் காலி பண்ணணும்னா நெறைய அழிச்சப்புறம் டேட்டா ஃபைல் செட்டிங்ஸ்ல காம்பாக்ட் நவ் குடுங்க, அதுக்கு முந்தி பேக்கப் எடுத்துட்டு.

பேக்கப் ஒண்ணு ஆபீஸ்ல, ஒண்ணு வெளிய. 2015 வெள்ளத்துல சிஸ்டமும் அது பக்கத்து டிராயர்ல இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேந்தே முழுகிச்சு ஒரு கடையில, ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை தண்ணி உள்ள வந்தப்பவும் அதே கததான். ஆடிட்டர் சார் இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் அவுட்லுக்க மூடிட்டு ரெண்டு டிஸ்க்குல காப்பி எடுத்து ஒண்ண வீட்டு மாடிக்கு கொண்டு போயிடறாரு, மாசம் ஒரு தடவ அந்த காப்பிய வீட்டு லேப்டாப்ல தொறந்து, கடைசியா வந்த மெயிலோட தேதிய பாத்து ஒரு நோட்டுல எழுதி வெக்கிறாரு.