குழந்தைப் பாட்டின் பூர்வீகத்தைச் சரிபார்ப்பது எப்படி?

குழந்தைப் பாட்டொன்றுக்குள் கொள்ளைநோயோ கொலையோ ஒளிந்திருக்கிறது என்று யாரேனும் சொன்னால், முதலில் இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே தேடுங்கள்: பாட்டு பதிவான ஆண்டு ஒன்று, அந்த விளக்கம் பதிவான ஆண்டு மற்றொன்று. இரண்டாவதைத் தேடுவார் அரிது. குட்டு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

பிள்ளைகள் வட்டமாகச் சுற்றிப் பாடி, முடிவில் விழும் 'ரிங் எ ரிங் ஓ ரோசஸ்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாருங்கள். ரோஜா வளையம் என்பது உடம்பில் தோன்றும் சிவந்த தடிப்பு, தும்மல் நோயின் அறிகுறி, எல்லோரும் விழுவது சாவு, ஆகவே இது 1665ஆம் ஆண்டின் லண்டன் கொள்ளைநோயைக் குறிக்கிறது என்பார்கள். ஆனால் இங்கிலாந்தில் இப்பாட்டு குழந்தை நூல் ஓவியர் கேட் கிரீன்அவேயின் தொகுப்பில் அச்சேறியது 1881இல். கொள்ளைநோய் விளக்கம் பரவியதோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. கொள்ளைநோய்க்கும் பாட்டு அச்சேறியதற்கும் இடையிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வெற்றிடம் கிடக்கிறது.

அடுத்து, பாடபேதங்களைத் திரட்டுங்கள். கிரீன்அவே தந்த வடிவத்தில் தும்மலே இல்லை. 'உஷ், உஷ்' என்ற அடக்கும் ஒலிதான் இருக்கிறது. வேறு வடிவங்களில் பிள்ளைகள் விழுவதற்குப் பதிலாகக் குனிந்து வணங்குகிறார்கள். தும்மலையே அச்சாணியாகக் கொண்ட விளக்கம் இங்கே கழன்றுவிடுகிறது.

நம்பிக்கைகளுக்கும் இதே வழிதான், ஆனால் பதிவுகள் குறைவாகவே கிடைக்கும். மேக்பை பறவைகளை எண்ணிக் குறிசொல்லும் ஆங்கிலப் பாட்டின் பதினெட்டாம் நூற்றாண்டு வடிவமொன்றில் மூன்று பறவைகள் என்றால் இழவு. இன்று பரவலாகப் பாடப்படும் வடிவத்தில் அதுவே பெண் குழந்தை. சகுனமே இப்படித் தலைகீழாகும்போது, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூலக்கதை புனைவது வீண் வேலை. 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்' என்று தொடங்கும் அறிவியல் விளக்கங்களையும் இப்படியே ஆண்டு கேட்டுச் சோதியுங்கள். காரணம் பொருத்தமாக இருப்பது மட்டுமே அது பழையது என்பதற்குச் சான்றாகாது.

பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதானால், பொருளைக் கேட்காதீர்கள். கேட்டால், எங்கோ படித்ததையே திருப்பிச் சொல்வார்கள். எந்த விளையாட்டில் பாடினீர்கள், எந்தச் சொல்லில் கை தட்டினீர்கள், யார் 'அவுட்' ஆனார்கள் என்று கேளுங்கள். பாடியதைத் திருத்தாமல், உளறலாகத் தோன்றும் சொற்களையும் விடாமல், ஊரும் ஏறத்தாழ ஆண்டும் சேர்த்து எழுதி வையுங்கள்.