டாட், டைட்: இரண்டுக்கும் ஒரே நூல்

ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. டாட் வரவேண்டிய இடத்தில் டைட்டைப் போட்ட வாக்கியங்கள் தினமும் கண்ணில் படும். டாட் என்பது டி, ஏ, யூ, டி என்று நான்கே எழுத்து கொண்ட, இழுபட்டு விறைப்பாக நிற்பதைக் குறிக்கும் சொல். டைட்டையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால் டாட் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அதற்கென்று தனி வேலை உண்டு.

ஒரு முழ நூல் எடுங்கள். ஒரு முனையை இடது ஆள்காட்டி விரலில் நாலைந்து சுற்றுச் சுற்றி, மறுமுனையை வலது கையால் இழுங்கள். விரலைச் சுற்றிய நூல் சதையில் பதிந்து நுனி சிவக்கும். அது டைட். இரண்டு கைக்கும் நடுவே நேர்கோடாக நிற்கும் பகுதிதான் டாட். கட்டைவிரலால் சுண்டிப் பாருங்கள், விண்ணென்று அதிரும். இழுப்பை விட்டால் நடுப்பகுதி அந்தக் கணமே தொய்ந்துவிடும். விரல் சுற்றோ எளிதில் தளராது.

ஆகவே எழுதும்போது எதிர்ப்பதத்தை யோசியுங்கள். 'தொய்வு' என்று வந்தால் டாட். 'தளர்வு', 'இடைவெளி', 'கசிவு' என்று வந்தால் டைட். பாய்மரக் கயிறு, வீணைத் தந்தி, மத்தளத் தோல், நாணேற்றிய வில் எல்லாம் டாட். ஜாடி மூடி, காலைக் கடிக்கும் செருப்பு, மூச்சுவிட நேரமில்லாத வேலை அட்டவணை எல்லாம் டைட். நான் பார்த்தவரை இந்தச் சோதனை தவறுவது அபூர்வம்.

இந்த வேறுபாடு பிறப்பிலேயே இருக்கிறது. டைட்டின் மூலம், ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் தேட்டர் என்ற சொல். அடர்த்தியான, நீர் புகாத என்று பொருள். வாட்டர்டைட் என்று இன்றும் சொல்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. டாட்டின் வழி வேறு. உறுதியான என்று பொருள்படும் டஃப் என்ற சொல்லின் மாற்று வடிவமாக அது நடுக்கால ஆங்கிலத்தில் தோன்றியிருக்கலாம் என்பது அகராதிகளின் கணிப்பு. இழுத்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினை டேயோனின் சாயலும் அதில் படிந்ததாகச் சொல்வார்கள். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதை டோ என்கிறோம். அதுவும் டேயோனின் உறவுக்காரச் சொல்தான். இழுவிசை இல்லாத இடத்தில் டாட் ஏன் பொருந்துவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மனிதர்களுக்கும் இதைப் பயன்படுத்தலாம். அழுகையை அடக்கிப் பேசுபவரின் குரல் டாட். ஓடத் தயாராகக் குனிந்து நிற்பவரின் கெண்டைக்கால் தசை டாட். உள்ளே ஏதோ இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும். தொய்வில்லாமல் நகரும் கதையையும் ஆங்கில விமர்சகர்கள் டாட் என்பார்கள். நாம் கதைக்குச் சொல்லும் அதே தொய்வு இங்கேயும் துணைக்கு வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் திகில் கதை என்பதற்காகவே டாட் போடாதீர்கள். தேவையற்ற பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால் மட்டும் போடுங்கள்.

எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். 'கற்பித்தார்' என்ற பொருளில் வரும் டாட்டுக்கும் உச்சரிப்பு இதேதான், ஆனால் அதில் ஜி, ஹெச் உண்டு. நம் டாட்டின் நடுவில் 'என்' என்ற எழுத்து நுழைந்தால் ஏளனம் செய்வது என்றாகிவிடும். மூன்றும் முறையான சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் கோடு போடாமல் விட்டுவிடும்; கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கூறியது கூறலைக் குறிக்கும் டாட்டாலஜி என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'அதுவே' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

வினையாக வேண்டுமென்றால் டாட்டன் இருக்கிறது. கயிறு மெல்ல மெல்ல விறைப்பேறும் அந்த நேரத்தை எழுதும்போது அதைப் பயன்படுத்துங்கள்.