தெருப்பூனையைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியில இருந்து ஒரு வீடு பார்த்துக் கொடுக்கற வரைக்கும்

ரோட்டுல பார்க்கற எல்லாப் பூனையையும் காப்பாத்தணும்னு அவசியம் இல்ல. இதை நான் கத்துக்கிட்டது கொஞ்சம் அசடு வழிஞ்ச கதை. ஒரு நாள் சாயங்காலம் படிக்கட்டுக்கு அடியில ஒரு குட்டி தனியா கத்திட்டு இருந்துச்சு, ஐயோ பாவம்னு துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்துட்டேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு ஜன்னல்ல எட்டிப் பார்த்தா அம்மாப் பூனை அதே படிக்கட்டுக்கு அடியில போறதும் மோந்து பார்க்கறதும் வெளிய வந்து கூப்பிடறதுமா அலையுது. அது குட்டிங்கள ஒண்ணொண்ணா வேற இடத்துக்கு மாத்திட்டு இருந்திருக்கு, நான் அள்ளிட்டு வந்தது கடைசிக் குட்டி. ஓடிப்போய் அதே இடத்துல வெச்சுட்டு தள்ளி நின்னேன், பத்து நிமிஷத்துல கழுத்தைக் கவ்விட்டுப் போயிடுச்சு. மனுஷன் தொட்ட வாசனை வந்தா அம்மா சேர்த்துக்காதுன்னு சொல்றதெல்லாம் சும்மா, பெரும்பாலும் சேர்த்துக்கும்.

அதனால குட்டியைப் பார்த்தா உடனே கைய நீட்டாதீங்க, அம்மா கண்ணுல படாத தூரத்துக்குப் போய் சில மணி நேரம் காத்திருங்க. நீங்க பக்கத்துலயே நின்னா அது வராது, அதுவே உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கும். நாள் முழுக்க காவல் காக்க முடியாதுன்னா குட்டிங்களச் சுத்தி தரையில கொஞ்சம் மாவு தூவிட்டுப் போங்க, திரும்பி வந்து பார்க்கறப்போ பெரிய கால் தடம் இருந்தா அம்மா வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். வயிறு புடைச்சு ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்கற குட்டிங்களுக்கு அம்மா இருக்கு. அழுக்கா, ஒட்டிப்போன வயித்தோட, விடாம கத்திட்டே இருந்தாதான் கவலைப்படணும். உடம்பு சில்லுன்னு இருக்கு, காயம் இருக்கு, எறும்போ ஈயோ மொய்க்குது, வண்டி போற இடத்துல கிடக்குது, இந்த மாதிரின்னா காத்திருக்கவே வேணாம், எடுத்துடுங்க.

பெரிய பூனைன்னா மொதல்ல காதைப் பாருங்க. ஒரு காதோட நுனி மட்டும் நேரா வெட்டினாப்ல இருந்தா அதுக்கு ஏற்கனவே கருத்தடை ஆப்பரேஷன் ஆயிடுச்சு, யாரோ பிடிச்சுப் பண்ணிட்டு அதோட இடத்துலயே திரும்ப விட்டிருக்காங்க, நல்லா இருந்தா அதை அது பாட்டுக்கு விட்டுடுங்க. ரோமம் பளபளன்னு இருக்கு, கூப்பிட்டா வாலைத் தூக்கிட்டு வருது, கால்ல உரசுதுன்னா அது யாரோ வீட்டுப் பூனையா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அப்படி சந்தேகமா இருந்தா ஒரு பேப்பர் துண்டுல 'இது உங்க பூனையா?'ன்னு எழுதி போன் நம்பரும் போட்டு கழுத்துல லூசா சுத்தி ஒட்டி விடுங்க, எங்கயாவது மாட்டினா கிழிஞ்சு வந்துடற மாதிரி சாதா பேப்பரா இருக்கணும். ஓனர் இருந்தா பார்த்துட்டு கூப்பிடுவாங்க. வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட கொண்டு போனா ஓனர் யாருன்னு கண்டுபிடிக்க உதவற மைக்ரோசிப் இருக்கான்னும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, அரிசி சைஸ்ல தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில இருக்கும், வெளிய இருந்து பார்த்தா தெரியாது.

சரி, யாரும் இல்ல, தூக்கித்தான் ஆகணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு வெச்சுக்கலாம். பொட்டைப் பூனைன்னா பிடிக்கறதுக்கு முன்னாடி வயித்தைப் பாருங்க, காம்பெல்லாம் பெருசா, சுத்தி முடி இல்லாம இருந்தா எங்கயோ குட்டி இருக்கு, அம்மாவைக் கொண்டு வந்துட்டா அதுங்க பட்டினி கிடக்கும். மொதல்ல அது எங்க போகுதுன்னு பின்னாடி போய் பாருங்க.

வெறுங்கைல பிடிக்கற வீரம் மட்டும் வேணாம். மடியில படுத்து தூங்கற பூனை கூட கேரியருக்குள்ள தள்ளுறப்போ வேற ஆளா மாறிடும். பழகற பூனைன்னா கேரியரைத் திறந்து வெச்சு சாப்பாட்டை வாசல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி வைங்க, நாலு நாள்ல அதுவே உள்ள போய் சாப்பிடும், கதவைச் சாத்தினா போதும். கிட்டயே வராத பூனைக்கு கூண்டுப் பொறிதான், விலங்கு நல அமைப்புங்க சில பேர் இரவலா தருவாங்க, கேட்டுப் பாருங்க. முந்தின நாள் சாப்பாடு வைக்காதீங்க, வேற யாராவது வைக்கறாங்கன்னா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க, இல்லன்னா வயிறு ரொம்பின பூனை பொறியைச் சுத்தி வந்து உங்களையே வேடிக்கை பார்க்கும். அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, நல்லா வாசனை வர்ற மீனை உள்கோடியில வெச்சுட்டு தள்ளி உட்காருங்க, பொறியை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடக் கூடாது. கதவு விழுந்ததும் பயங்கரமா முட்டி மோதும், பார்க்கறவங்களுக்கே உயிர் போகும், ஒரு பெட்ஷீட்டை மேல போட்டு மொத்தமா மூடுங்க, இருட்டானதும் நிமிஷத்துல அடங்கிடும்.

கடிச்சிடுச்சுன்னா "சின்னப் பல்லு தானே"ன்னு விடாதீங்க. பூனைப் பல்லு ஊசி மாதிரி ஆழமா இறங்கும், மேல ஓட்டை மூடிக்கும், உள்ள சீழ் வைக்கும். ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம், கழுவிட்டு அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, ரேபிஸ் ஊசி வேணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கறதில்ல, அதனால இதுல மட்டும் சோம்பேறித்தனம் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் மொத்த வீட்டையும் சுத்திக் காட்டாதீங்க. ஒரே ஒரு சின்ன ரூம், பாத்ரூம்னா கூட ஓகே. பூனை கக்கா மூத்திரம் போக மண்ணு போட்ட டப்பா ஒண்ணு, லிட்டர் பாக்ஸ்னு சொல்வாங்க, அதுல இருந்து தள்ளி சாப்பாடும் தண்ணியும், பக்கவாட்டுல ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒண்ணு ஒளிஞ்சுக்க. அவ்ளோதான் பூனைக்கு வேணும். குளிப்பாட்டணும்னு கை அரிக்கும், வேணாம், ஏற்கனவே பயந்து போயிருக்கற ஜீவன். அப்புறம் ரூம்ல இருக்கற சந்து பொந்தை முன்னாடியே அடைச்சிடுங்க. எங்கிட்ட வந்த ஒரு சாம்பல் கலர் கடுவன் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி நுழைஞ்சவன் மூணு நாள் வெளிய வரல, ராத்திரி தட்டு காலியாகும், காலையில லிட்டர்ல ரெண்டு உருண்டை இருக்கும், ஆளை மட்டும் பார்க்க முடியாது, பேய்க்கு சாப்பாடு வெச்ச மாதிரியே இருந்துச்சு.

வீட்டுல ஏற்கனவே பூனை இருந்தா ரெண்டு வாரமாவது ரெண்டையும் பார்க்க விடாதீங்க, தட்டு, லிட்டர், துண்டு எல்லாம் தனித்தனி, கை கழுவிட்டுத்தான் அடுத்த ரூம். பூனைங்களுக்கு வர்ற பார்வோ, பான்லூக்கோபீனியான்னு சொல்வாங்க, குட்டிங்கள ஒண்ணு ரெண்டு நாள்லயே தூக்கிட்டுப் போயிடும், அந்த வைரஸ் தரையில துணியில எல்லாம் மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். கர்ப்பமா இருக்கறவங்க வீட்டுல இருந்தா லிட்டரை வேற யாராவது அள்ளட்டும், அதுவும் தினமும் அள்ளணும், ஏன்னா வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பீயில வெளிய வந்த உடனே ஒட்டாது, ஒரு நாளாவது கழிச்சுத்தான் தொத்தற நிலைக்கு வரும்.

முடிஞ்சா அடுத்த நாளே வெட் கிட்ட போயிடுங்க. பூச்சி மருந்து, உண்ணி தெள்ளு மருந்து, தடுப்பூசி, எஃப்இஎல்வி (பூனை லுகேமியா வைரஸ்), எஃப்ஐவி (பூனையோட எதிர்ப்பு சக்தியைக் குறைக்கற வைரஸ்) டெஸ்ட், இதெல்லாம் கேளுங்க. 6 மாசத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி பாசிட்டிவ்னு வந்தா உடனே உடைஞ்சு போயிடாதீங்க, அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடியா (நோய் எதிர்ப்புப் பொருள்) இருக்கலாம், அப்புறமா திரும்ப டெஸ்ட் பண்ணணும். நீங்களா வைத்தியம் பார்க்கறப்போதான் பூனைங்க சாகுது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்னுடும், நாய்க்குப் போடற பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான். இன்னொண்ணு, கடுவன் பூனை லிட்டர்ல போய் போய் உட்கார்ந்து முக்குது ஆனா மூத்திரம் வரலன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அடைப்பா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும்.

பால் குடிக்கற குட்டிதான் உண்மையிலேயே வேலை. கண்ணு திறக்கலன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள உள்ள குட்டி, முன்பல் எட்டிப் பார்த்தா மூணு நாலு வாரம். நிறைய பேர் பண்ற தப்பு, குட்டி கைல வந்த உடனே பாலைப் புகட்டறது. சில்லுன்னு இருக்கற குட்டிக்கு ஜீரணமே ஆகாது, மொதல்ல சூடாக்கணும். வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தி பெட்டியில ஒரு பாதிக்கு மட்டும் வைங்க, சூடு அதிகமானா நகர்ந்து போக மீதிப் பாதி வேணும். வாய்க்குள்ள விரலை வெச்சா வெதுவெதுன்னு இருக்கணும், அப்புறம்தான் பால். மாட்டுப் பால் வேணாம், வயித்தால போய் தண்ணி சத்து இறங்கிடும், பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது, அதைக் கலக்குங்க. மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்க வெச்சுப் புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும், குப்புற, அம்மாகிட்ட குடிக்கற மாதிரி வயித்துல படுக்க வெச்சு தலை மட்டும் லேசா தூக்கினாப்ல. மொத வாரத்துல ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும்தான், தூக்கத்தை மறந்துடுங்க.

குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிப்பக்கம் மெதுவா தடவி விடணும், அம்மா நக்கி விடற மாதிரி, இல்லன்னா மூத்திரம் கக்கா எதுவும் தானா வராது, மூணு நாலு வாரம் வரைக்கும் இது உங்க டியூட்டி. தினமும் ஒரே நேரத்துல சமையல் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. ஒரு நாளைக்கு 10ல இருந்து 15 கிராம் ஏறணும். ஒரு நாள் ஏறலன்னா கவனிக்கணும், இறங்கினா அன்னைக்கே வெட்.

பயந்த பூனையைப் பழக்கறதுக்கு பெரிய டெக்னிக் எல்லாம் இல்ல. தரையில உட்கார்ந்து போனைப் பாருங்க, பூனையைப் பார்க்காதீங்க. எப்பவாவது கண்ணு பட்டா மெதுவா மூடித் திறங்க, அதுவும் திருப்பி அதே மாதிரி பண்ணும். அந்த வாஷிங் மெஷின்காரனுக்கு நான் அஞ்சு நாள் சத்தமா ஆபீஸ் மெயில் எல்லாம் படிச்சுக் காட்டினேன், ஆறாவது நாள் வந்து லேப்டாப் மேல உட்கார்ந்தான். ஆனா ஒண்ணு, மனுஷ வாடையே இல்லாம வளர்ந்த பெரிய காட்டுப் பூனை சுபாவம் இருக்கறது எல்லாம் மாறாது. ரெண்டுல இருந்து ஏழு வாரம் வரைக்கும்தான் மனுஷங்களோட சுலபமா பழகற வயசு. அதைத் தாண்டி வளர்ந்ததை கருத்தடை பண்ணி அதோட இடத்துலயே விட்டு சாப்பாடு வைக்கறதுதான் அதுக்கு நல்லது. ரூம்ல அடைச்சு வெச்சு அன்பு காட்டறேன்னா அது நம்ம ஆசைக்குத்தான்.

கருத்தடை பண்ணாம யாருக்கும் கொடுக்காதீங்க. "நாங்க பண்ணிடுவோம்"னு சொல்றவங்கள்ல பாதி பேர் மறந்துடுவாங்க, நாலு மாசத்துலயே பூனை சினை ஆகலாம், ஒன்பது வாரத்துல குட்டி போட்டுடும், திரும்ப அதே படிக்கட்டு அதே கதை.

இப்ப வீடு தேடறது. போட்டோ பகல் வெளிச்சத்துல, தரையில படுத்து பூனை கண்ணு லெவல்ல எடுங்க, கூண்டுக் கம்பிக்குப் பின்னாடி எடுத்தா யாருக்கும் மனசு ஒட்டாது. கறுப்புப் பூனைக்கு ஜன்னல் ஓரம், பின்னாடி வெளிர் கலர் துணி. எழுதறப்போ "இன்னைக்குள்ள எடுக்கலன்னா செத்துடும்"னு மிரட்டாதீங்க, பரிதாபத்துல எடுக்கறவங்க பரிதாபம் தீர்ந்ததும் திருப்பி விட்டுடுவாங்க. உள்ளதை எழுதுங்க, ராத்திரி மூணு மணிக்கு ஓடுவான், சோபா கீறுவான், தூக்கினா பிடிக்காது ஆனா கால்ல படுத்துப்பான். அதைப் படிச்சு சிரிச்சுட்டு கூப்பிடறவங்கதான் சரியான ஆளு.

கூப்பிட்டதும் கொடுத்துடாதீங்க. வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடுன்னா ஓனர் ஒத்துக்கறாரா, ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை இருக்கா, ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க, இதுக்கு முன்னாடி வளர்த்த பூனை இப்ப எங்க. கடைசிக் கேள்வியை நல்லா கேளுங்க, "அது ஓடிப் போச்சு, அதுக்கு முன்னாடி இருந்ததும் ஓடிப் போச்சு"ன்னு சிரிச்சுட்டே சொன்னா நீங்களும் சிரிச்சுட்டே போனை வெச்சுடுங்க. நேர்ல பார்க்காம, வீட்டைப் பார்க்காம, "நாளைக்கு என் ஃப்ரெண்ட் வந்து வாங்கிப்பான்"னு சொல்றவங்களுக்கு கிடையவே கிடையாது. முடியாதுன்னு சொல்ல சங்கடமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஒரு தடவை அந்த சங்கடத்துல கொடுத்து பத்து நாள்ல போய் திருப்பி வாங்கிட்டு வந்தேன், அப்புறம் பழகிடுச்சு.

குட்டிங்கன்னா எட்டு வாரம் ஆகாம அம்மாகிட்ட இருந்து பிரிக்காதீங்க, பன்னிரண்டு வரைக்கும் இருந்தா இன்னும் நல்லது, முடிஞ்சா ரெண்டா கொடுங்க, ஒண்ணை ஒண்ணு கடிச்சு விளையாடிக்கும், மனுஷன் கை தப்பிக்கும். ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க, வளர்க்க முடியலன்னா வேற யாருக்கும் தராம எனக்கே திருப்பித் தரணும்னு. கூடவே தடுப்பூசி கார்டு, சாப்பிட்டுட்டு இருந்த அதே சாப்பாடு கொஞ்சம், அதோட வாசனை இருக்கற துவைக்காத துண்டு ஒண்ணு.

அங்கயும் மொதல்ல ஒரே ரூம், மூணு நாலு வாரத்துக்கு வெளிய விடவே கூடாதுன்னு சொல்லி அனுப்புங்க. என்ன சொன்னாலும் மொத நாள் ராத்திரி போன் வரும், "பூனையைக் காணோம், வீடு முழுக்கத் தேடிட்டோம்"னு. கதவு ஜன்னல் சாத்திதான் இருந்துச்சான்னு கேட்டுட்டு, கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி, அப்புறம் கட்டாயமா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.